லகாட் சாலையில் தங்கிவிட்ட சரக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து மெங்லெம்பு தாண்டி லகாட்டுக்குப் போகும் சாலையை ஒட்டிப் புக்கிட் மேரா புதுக்கிராமம் இருக்கிறது. 1980களில் அங்கே ஏறத்தாழ 11,000 பேர் குடியிருந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள். கிராமத்துக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் 1979இல் பதிவான ஏஷியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் ஓர் ஆலை கட்டி, 1982இல் இயக்கத் தொடங்கியது. வேலை முழுதாகப் பன்னிரண்டு ஆண்டுகூட நடக்கவில்லை. அது விட்டுச்சென்றதை அப்புறப்படுத்தும் வேலையோ 2011 கடந்தும் முடியாமல் இருந்தது.

இன்றைய வணிகக் கல்வியில் அவுட்சோர்ஸிங் பற்றிப் பேசும்போது சட்டைத் தொழிற்சாலை, கால் சென்டர், கைப்பேசிப் பாகம் என்றே உதாரணம் காட்டுகிறார்கள். எந்த வேலையை நாமே செய்வது, எதை வெளியே கொடுப்பது, மூலப்பொருளை எங்கே வாங்குவது, எந்த வழியாக அனுப்புவது என்ற முடிவுகளின் உள்ளடக்கம் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் இந்த லகாட் சாலையைப் போல இன்னோர் இடம் எனக்குத் தெரியவில்லை. வேலையோடு சேர்த்துப் பொறுப்பும் எப்படிக் கைமாறுகிறது என்பது இங்கே ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

கதை ஈயத்தில் தொடங்குகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களில் மண்ணை நீர் பாய்ச்சிக் கரைத்து, கனமான தாதை மட்டும் பிரித்தெடுத்த பிறகு ஒரு கரிய மணல் மிஞ்சும். அதற்கு ‘அமாங்’ என்று பெயர். கையில் அள்ளினால் சாதாரண ஆற்றுமணலைவிடக் கனக்கும். அமாங்கைப் பிரிப்பதற்கென்றே தனிக் கொட்டகைகள் இருந்தன. மணலை உலர்த்தி, காந்த உருளைகளின் மேலும் உயர் மின்னழுத்தத் தகடுகளின் மேலும் ஓடவிட்டால் ஒவ்வொரு கனிமமும் தனித்தனியே விழும்: கறுப்பாக இல்மனைட், நிறமற்றுப் பளபளக்கும் சிர்கான், இட்ரியம் மிகுந்த செனோடைம், தேன் நிறத்தில் மோனசைட். ஈயம் தோண்டியவர்களுக்கு இவையெல்லாம் கழிவு. அமாங் கொட்டகைக்காரருக்கு அதுவே சரக்கு. ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி இன்னொன்றின் முதல் கண்ணியாக இப்படித்தான் ஆயிற்று.

மோனசைட் அரிய மண் தனிமங்களின் பாஸ்பேட். சீரியம், லாந்தனம், நியோடைமியம் போன்றவை அதில் பாதிக்கு மேல் இருக்கும். வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கும், கண்ணாடியை மெருகேற்றும் பொடிக்கும், லைட்டர் கல்லுக்கும், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் வினையூக்கிக்கும் அன்றைய ஜப்பானியத் தொழில் இத்தனிமங்களை அள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. சிக்கல், அதே மணிக்குள் கூடவே இருக்கும் தோரியம். மலேசிய மோனசைட்டில் அது சுமார் 6 முதல் 7 விழுக்காடு. தாதை வேதிமுறையில் உடைத்து அரிய மண்களைக் கரைசலில் இழுத்துக்கொண்டால், தோரியம் ஈரக் களிம்பாக அடியில் தங்கிவிடும். தோரியம்-232இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அதோடு ரேடியமும் காரீயமும் சேர்ந்தே வரும்.

மோனசைட் தமிழ் நிலத்துக்கும் பழைய சரக்குதான். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். அந்தத் தடத்தைப் பிடித்து வந்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். அப்போது ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தது தோரியம். எரிவாயு விளக்கின் வலைத்திரிக்கு அது இன்றியமையாதது. அரிய மண்கள் அன்று பெருமளவும் விலைபோகாத மிச்சம். எழுபது ஆண்டு கழித்துப் புக்கிட் மேராவில் கணக்கு தலைகீழாகிவிட்டது. மணல்மணி அதேதான், மாறியது சந்தை. எது சரக்கு, எது கழிவு என்பதைக் கனிமம் தீர்மானிப்பதில்லை, வாங்குபவரே தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சுதந்திர இந்தியா தோரியத்தை எதிர்கால எரிபொருளாகக் கருதி மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1952இல் ஆலுவாவில் அரசு ஆலை அமைத்து, தோரியத்தையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்த ஆலை பற்றிப் பெரியாற்றங்கரை மக்களுக்கும் குறைகள் உண்டு. ஆனால் மிச்சம் யாருடையது என்ற கேள்வி அங்கே மறைந்துபோகவில்லை.

ஜப்பானின் பெருவேதி நிறுவனமான மிட்சுபிஷி கெமிக்கல் இந்த வேலையை ஏன் பேராக்கில் செய்ய வேண்டும்? முதலில் தோன்றும் விடை, தாது இங்கே இருக்கிறது என்பது. ஆலை எங்கே அமைய வேண்டும் என்பதற்கு 1909இல் ஆல்ஃபிரட் வெபர் ஒரு விதி எழுதினார்: பதப்படுத்தும்போது எடை பெரிதும் குறையும் மூலப்பொருளை, அது கிடைக்கும் இடத்திலேயே பதப்படுத்துவது லாபம். இரும்புக்கும் கரும்புக்கும் இது அப்படியே பொருந்தும். மோனசைட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அதன் எடையில் பாதிக்கு மேல் வேண்டிய பொருளே. அது விலையுள்ள, அடர்ந்த மணல். மூட்டையாகக் கட்டிக் கப்பலில் ஏற்றுவது கடினமல்ல. ஆலை வருவதற்கு முன்பு கிந்தாவின் மோனசைட் அப்படித்தான் வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. சரக்குக் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் ஒரு வேதி ஆலையைக் கடல்கடந்து கொண்டுவந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. 1960களின் இறுதியில் ஜப்பான் தோரியம் கையாளும் விதிகளை இறுக்கியது. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டில் மோனசைட் உடைக்கும் வேலை நின்றுவிட்டது. பேராக்கில் ஆலை வைத்தால் ஜப்பானுக்குப் போவது சுத்தமான அரிய மண் குளோரைடும் கார்பனேட்டும் மட்டுமே. தோரியம் கப்பலேறாது. இட முடிவின் சாரம் இதுதான் என்பது என் வாசிப்பு.

1983இல், ஆலை ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், பீட்டர் கிராலிச் என்பவர் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் கொள்முதல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் உலகெங்கும் கொள்முதல் அதிகாரிகள் படிக்கும் பாடம் அது. வாங்கும் பொருட்களை அவர் இரண்டு அச்சுகளில் அடுக்கினார்: லாபத்தில் அதன் பங்கு எவ்வளவு, அது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு. இரண்டிலும் உயர்ந்து நிற்பதை நீண்டகாலக் கூட்டாளியோடு சேர்ந்து பிடித்துவைத்துக்கொள் என்பது அவர் வழி. ஏஷியன் ரேர் எர்த்தின் பங்குப் பிரிவைப் பார்த்தால் இந்தக் கொள்கை கண்முன் நிற்கிறது. மிட்சுபிஷி கெமிக்கலுக்கு 35 விழுக்காடு. தாது வழங்கும் உள்ளூர் பெஹ் மினரல்ஸுக்கு 35. ஹஜ் பயணிகளின் சேமிப்பை நிர்வகிக்கும் தாபோங் ஹாஜிக்கு 20. எஞ்சியது பூமிபுத்ரா வணிகர்களுக்கு. தாது தருபவர், தொழில்நுட்பம் தருபவர், அரசின் நல்லெண்ணத்தைத் தருபவர் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். வேலியின் மறுபக்கம் குடியிருந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. கிராலிச்சின் இரண்டு அச்சுகளிலும் அவர்களுக்கு இடமில்லை. இதை அந்தக் கட்டுரையின் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. ஆபத்து என்ற சொல்லையே வாங்குபவருக்கு வரும் ஆபத்து என்ற பொருளில் மட்டும் புரிந்துகொள்ள ஒரு தலைமுறை நிர்வாகிகள் பழகிவிட்டார்கள்.

பேராக்கின் தமிழர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சாயல் வேறொரு வழியாகத் தெரியும். கித்தா (ரப்பர்) தோட்டத்தில் நேரடி ஆளாகப் பேர் பதிந்தவருக்குக் கூலி மட்டும் கிடைக்கவில்லை. லயமும், டிஸ்பென்சரியும், ஆயாக் கொட்டகையும், பள்ளிக்கூடமும், எவ்வளவு மோசமாக இருந்தாலும், முதலாளியின் கடமைகளாகச் சட்டத்தில் இருந்தன. குத்தகைக்காரரை நடுவில் நிறுத்தி ஆள் எடுத்த நாள்முதல் அதே மரத்தில் அதே பால்தான் வெட்டப்பட்டது. கடமைகள்தாம் காணாமல் போயின. கம்பெனிக் கணக்கில் அது செலவுக் குறைப்பு. ரொனால்ட் கோஸ் 1937இல், ஒரு நிறுவனம் எதைத் தானே செய்யும், எதைச் சந்தையில் வாங்கும் என்பதைப் பேரம், ஒப்பந்தம் ஆகியவற்றின் செலவே தீர்மானிக்கிறது என்று எழுதினார். அருமையான விளக்கம். ஆனால் கித்தாத் தோட்டத்திலும் மோனசைட் ஆலையிலும் அந்தச் செலவுக்கு மேல் இன்னொன்றும் கணக்கில் இருந்தது. தன் பெயரில் இருந்தால் தலையில் விழும் கடமை, இன்னொருவர் பெயருக்கு மாறினால் விழாது.

புக்கிட் மேராவில் தோரியக் களிம்புக்கு நிரந்தர இடம் உறுதியாவதற்கு முன்பே ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. என் கணிப்பில் இந்த விவகாரத்தின் மையத் தவறு இதுதான். உற்பத்திப் பொருளுக்கு வாங்குபவர் யார், துறைமுகம் எது, கப்பல் எது என்பதெல்லாம் முடிவாகியிருந்தன. மிச்சத்துக்கு மட்டும் போகுமிடம் எழுதப்படவில்லை. ஒரு நாள் அணு எரிபொருளாகும் என்ற எண்ணத்தில் அதை மாநிலமே வைத்துக்கொள்வது ஏற்பாடு. முதலில் பாரிட் பக்கம் இடம் பார்த்தார்கள். ஊரார் எதிர்த்தார்கள். பிறகு லகாட்டுக்கு அப்பாலுள்ள பப்பானில் குழிகள் வெட்டப்பட்டன.

பப்பான் சிறிய ஊர். ஜப்பானியர் ஆட்சியில் டாக்டர் ஏ. சி. கதிகேசுவின் மனைவி சிபில் கதிகேசு எதிர்ப்புப் படையினருக்கு ஒளித்து மருத்துவம் செய்தது அங்கேதான். பின்னர் அவர் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். 1984இல் அவ்வூர் மக்கள் சாலையை மறித்தார்கள், உண்ணாநோன்பு இருந்தார்கள். அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர்கள் வந்து பார்த்து, அந்தக் குழிகள் பாதுகாப்பானவையல்ல என்றார்கள். ஆண்டு முடிவதற்குள் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் சடாவ் இச்சிகாவா புக்கிட் மேரா ஆலையைச் சுற்றி அளந்து, கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு இருப்பதாகச் சொன்னார். சரக்கு வாங்கிய நாட்டிலிருந்தே வந்த அறிவியலாளர் ஒருவர் சரக்கு செய்யும் ஊருக்காகச் சாட்சி சொன்னதை இந்த வரலாற்றின் மிக நேர்மையான பக்கங்களில் ஒன்றாக நினைக்கிறேன். 1985 ஜனவரியில் அரசு பப்பானைக் கைவிட்டு, கிளேடாங் மலைத்தொடரில் பெலாஞ்சா முக்கிமைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்த மாதம் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் அனுமதி கொடுக்க, ஆலை மறுபடி திறந்தது. செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே ஓப்பராசி லாலாங் என்ற பெருங்கைது நடவடிக்கை. போராட்டக் குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட்டும் அவரோடு நின்றவர்களும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். கிராமத்தினர் சோர்ந்துவிடவில்லை. விசாரணை நாட்களில் ஈப்போ நீதிமன்றத்துக்குக் கூட்டமாகப் போய் நின்றார்கள்.

இந்த வழக்கில் தமிழர் பங்கு பெரிது, நம்மவர் பலர் அறியாதது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பையும் எஸ். எம். முகமது இத்ரிஸ் புக்கிட் மேரா மக்கள் பக்கம் நிறுத்தினார். வழக்கறிஞர் மீனாட்சி ராமன் குடியிருப்பாளர்களுக்காக உழைத்தார். டாக்டர் டி. ஜெயபாலன் வீடுவீடாகப் போய் நோய்களைக் குறித்தார், குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து அதிலிருந்த காரீய அளவைப் பதிவு செய்தார். 11,000 பேர் கொண்ட ஊரில் ஐந்து ஆண்டுகளில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் என்று குடியிருப்பாளர்கள் சொன்னார்கள். ஆலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. சிறிய ஊரில் சில நோயாளிகளை வைத்துக் காரணத்தை ஐயமறச் சொல்வது நோய்ப்பரவல் ஆய்வில் கடினம். ஆனால் அந்தக் கடினத்தின் சுமை யார் தலையில் வைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். வேதியியலும் ஆய்வுக்கூடமும் ஆலையின் கையில் இருந்தன. நிரூபிக்க வேண்டியவர்களோ காய்கறிக்காரர்களும் கொத்தனார்களும் தாய்மார்களும்.

1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே ஸ்வீ சின் தீர்ப்பளித்தார்: ஆலையைப் 14 நாட்களுக்குள் மூட வேண்டும். மேல்முறையீட்டில் அந்த ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. 1993 டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே மாற்றியது. ஆலைத் தரப்பு நிபுணர்களின் அளவீடுகளை ஏற்றுக்கொண்டதோடு, குறையிருந்தால் மக்கள் உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டத்தில் வென்ற நிறுவனம் ஒரு மாதம்கூடக் கழியாத 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்தது. அதற்குள் ஈய விலை 1985இல் சரிந்து கிந்தாவின் லம்பங்கள் ஒவ்வொன்றாக நின்றிருந்தன. ஈயம் இல்லாமல் அமாங் இல்லை, அமாங் இல்லாமல் மோனசைட் இல்லை. சீனாவின் பாயன் ஓபோவிலிருந்து மலிவான அரிய மண் சந்தைக்குள் வந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் அரிய மண் சுரங்கமும் கழிவுநீர்க் குழாய்க் கசிவுகளுக்குப் பின் 2002இல் வேலையை நிறுத்தியது. விதி இறுகிய இடமெல்லாம் வேலை நின்று, விதி தளர்ந்த இடத்துக்கு நகர்ந்தது. 2010 வாக்கில் உலக உற்பத்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் சீனாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

புக்கிட் மேராவில் மிஞ்சியதைச் சுத்தம் செய்த கணக்கைப் பார்ப்போம். மிட்சுபிஷி கெமிக்கல் இறுதியில் குடியிருப்பாளர்களோடு நீதிமன்றத்துக்கு வெளியே ஓர் உடன்பாடு செய்துகொண்டது. நோய்க்குப் பொறுப்பேற்காமல், இடத்தைச் சுத்தம் செய்யவும் ஊர்ப் பள்ளிகளுக்கு 1,64,000 அமெரிக்க டாலர் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. ஆலை இடிக்கப்பட்டது. 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்க் கழிவைக் கிளேடாங் மலைக்குள் புதைத்து, களிமண்ணும் கருங்கல்லும் இட்டு மூடும் வேலையை 2011 மார்ச்சில் ‘நியூ யார்க் டைம்ஸ்’ வெளியிட்டபோதுதான் உலகம் கவனித்தது. செலவு 10 கோடி டாலர் என்றும், அரிய மண் தொழிலின் மிகப் பெரிய கதிரியக்கச் சுத்திகரிப்பு என்றும் அது எழுதியது. பன்னிரண்டு ஆண்டுக்கும் குறைவாக ஓடிய ஒரு நடுத்தர ஆலைக்கு 10 கோடி டாலர். ஜப்பானில் தொலைக்காட்சி வாங்கியவர் கொடுத்த விலையில் இதில் ஒரு காசும் சேர்ந்திருக்காது. கொள்முதல் பாடத்தில் இப்போது ‘மொத்த உடைமைச் செலவு’ என்று கற்பிக்கிறார்கள்: வாங்கும் விலையோடு பராமரிப்பு, தாமதம், அகற்றுதல் எல்லாவற்றையும் கூட்டிப் பார் என்பது. 1979இல் யாராவது இந்தக் கூட்டலைப் போட்டிருந்தால் ஆலை வேறு மாதிரி கட்டப்பட்டிருக்கும், அல்லது கட்டப்பட்டே இருக்காது.

2010 செப்டம்பரில் கடல் எல்லைத் தகராறு ஒன்றில் சீனா ஜப்பானுக்கு அரிய மண் அனுப்புவதை நிறுத்தியது. ஒரே ஊற்றில் எல்லாரும் நீர் அள்ளினால் என்னவாகும் என்பது ஒரே வாரத்தில் புரிந்துபோயிற்று. அடுத்த ஆண்டே ஜப்பானின் சோஜிட்ஸ் நிறுவனமும் அரசு அமைப்பான ஜோக்மெக்கும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனாஸுக்கு 25 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தன. லைனாஸின் தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில். பதப்படுத்தும் ஆலை குவாந்தான் பக்கத்து கெபெங்கில். தாது தோண்டும் நாடு ஒன்று, கதிரியக்க மிச்சம் விழும் நாடு வேறொன்று, காந்தம் செய்யும் நாடு மூன்றாவது. புக்கிட் மேராவின் வரைபடத்தைச் சற்றே இழுத்து நீட்டியதுபோல இருந்தது. குவாந்தான் மக்கள் தெருவுக்கு வந்தபோது பேராக்கின் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள்.

ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு உண்டு. கதிரியக்கக் கழிவு உண்டாகும் முதல் கட்ட வேலையை மலேசியாவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனையை அரசு உரிமத்தில் எழுதியது. பிறகு கெடு நீட்டப்பட்டது, நிபந்தனையும் தளர்ந்தது. இருந்தும் அந்த அழுத்தத்தில் கல்கூர்லியில் ஓர் ஆலை எழுந்து, 2024 நவம்பரில் முறையாகத் திறக்கப்பட்டது. மிச்சம் எந்த நாட்டில் விழும் என்பது இயற்கையின் தீர்ப்பல்ல, உரிமம் கொடுப்பவர் கேட்டால் இடம் மாறும். 1979இல் பேராக் மாநிலம் அதைக் கேட்கவில்லை.

இப்போது கேள்வி மறுபடியும் பேராக்குக்கே வந்திருக்கிறது. ஹூலு பேராக்கின் கெனெரிங்கில் 2022 முதல் களிமண்ணில் ஒட்டியிருக்கும் அரிய மண்ணை, உப்புக் கரைசலை மலைக்குள் செலுத்திக் கரைத்தெடுக்கும் முன்னோடித் திட்டம் நடக்கிறது. இவ்வகைக் களிமண்ணில் தோரியத் தொல்லை மோனசைட்டில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆபத்து வேறு வகை: அமோனியம் கலந்த நீர் ஓடைக்குள் இறங்குவது. தென் சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் இதே முறை குன்றுகளையும் நீரையும் என்ன செய்தது என்பது பதிவாகியிருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து பதப்படுத்தாத அரிய மண்ணை ஏற்றுமதி செய்ய மலேசியா தடை விதித்திருக்கிறது. மதிப்பு கூட்டும் வேலை உள்நாட்டில் தங்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மதிப்பு தங்கும் இடத்தில்தான் மிச்சமும் தங்கும். ஏஷியன் ரேர் எர்த்தும் மதிப்புக் கூட்டல் என்ற பெயரில் வந்ததுதான்.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. இட்ரியமும் டிஸ்ப்ரோசியமும் அதில் அடக்கம். மே மாதம் லைனாஸ் மலேசியாவில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு எடுத்தது. சீனாவுக்கு வெளியே வணிக அளவில் அதை எடுப்பது தான் மட்டுமே என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டில், நியோடைமியம்-பிரசியோடைமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்தாண்டு அடிவிலை எழுதிக் கொடுத்தது. சந்தை சரிந்தாலும் உற்பத்தியாளர் நட்டப்படாமலிருக்க வாங்குபவரே தாங்குகிறார். கொள்முதல் ஒப்பந்தத்தில் இவ்வளவு நீண்ட பொறுப்பை ஏற்க முடியும் என்று வாங்குபவர்களே காட்டிவிட்டார்கள். அப்படியானால் கெனெரிங்கிலோ கெபெங்கிலோ கையெழுத்தாகும் அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைப் பேராக்கும் மலேசியாவும் கேட்கலாம். மிச்சத்தின் இறுதி இடம் ஆலை ஓடுவதற்கு முன் முடிவாக வேண்டும். அதை மூடிக் காக்கும் பணம் முதல் டன் வெளியேறும்போதே ஒரு தனிக் கணக்கில் விழத் தொடங்க வேண்டும். நீரையும் காற்றையும் அளக்கும் பொறுப்பு ஆலைக்குச் சம்பந்தமில்லாதவர்களிடம் இருந்து, அளவுகள் அந்த ஊர் மக்களுக்கு அவர்கள் மொழியில் மாதாமாதம் கிடைக்க வேண்டும்.